புதுச்சேரியில் பல் மருத்துவராகும் வழி

பல் மருத்துவர் என்பவர் பற்கள், ஈறுகள், தாடைகள், நாக்கு, கன்னத்தின் உட்புறம் ஆகியவற்றில் வரும் நோய்களைக் கண்டறிந்து சிகிச்சை அளிக்கும் மருத்துவர் ஆவார். இந்தியாவில் இத்தொழிலுக்கான அடிப்படைத் தகுதி பி.டி.எஸ். எனப்படும் இளநிலைப் பல் அறுவை மருத்துவப் பட்டமாகும். புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் இப்பட்டம் தரும் கல்லூரிகள் நான்கு உள்ளன. அவற்றுள் மூன்று புதுச்சேரி நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சார்ந்தவை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஒன்றியப் பகுதி முழுவதிலும் வாழ்ந்தோர் சுமார் 12.5 லட்சம் பேர். இவ்வளவு சிறிய பகுதிக்கு நான்கு கல்லூரிகள் என்பதால், இங்குள்ள மாணவருக்குப் படிக்க இடம் தேடுவதைவிடப் படித்தபின் தொழிலில் நிலைபெறுவதே கடினமாக இருக்கிறது. இக்கட்டுரை சேர்க்கை, படிப்பு, பதிவு, தொழில் வாய்ப்பு ஆகியவற்றை அந்த நோக்கில் விளக்குகிறது.

வரலாற்றுப் பின்னணி

நவீன பல் மருத்துவத்தின் தந்தை எனப் போற்றப்படும் பியர் போஷார் பிரான்சைச் சேர்ந்தவர். பல் மருத்துவத்தை முழுமையாக விளக்கும் இவருடைய நூல் 1728-இல் பாரிசில் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. அப்போது புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பல்லைப் புழு அரிப்பதால்தான் சொத்தை உண்டாகிறது என்ற பழைய நம்பிக்கையை போஷார் ஏற்கவில்லை. நம் ஊர்களில் இன்றும் 'பூச்சிப்பல்' என்ற சொல் வழங்குகிறது. பல்லில் இருந்து பூச்சி எடுப்பதாகச் சொல்லிக்கொண்டு தெருத்தெருவாகச் செல்வோரும் இருந்தார்கள். உண்மையில், வாயிலுள்ள நுண்ணுயிரிகள் சர்க்கரையையும் மாவுப்பொருளையும் அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் பல்லின் எனாமலைக் கரைப்பதே சொத்தை.

பிரெஞ்சு ஆட்சியில் 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியில் ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்த பின், 1956-இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி உருவானது. அதுவே 1964-இல் ஜிப்மர் ஆனது. ஜிப்மரில் பல் மருத்துவத் துறை உண்டு, ஆனால் பி.டி.எஸ். படிப்பு இல்லை. அரசின் பல் மருத்துவக் கல்லூரி 1990-இல்தான் தொடங்கப்பட்டது.

கல்லூரிகள்

மகாத்மா காந்தி பட்டமேற்படிப்புப் பல் மருத்துவ அறிவியல் நிறுவனம்: புதுச்சேரி அரசின் நிறுவனம். கோரிமேடு இந்திரா நகரில், ஜிப்மருக்கு அருகில் அமைந்துள்ளது. கட்டணம் குறைவு, இடங்களும் குறைவு. ஆகவே போட்டி அதிகம்.

இந்திரா காந்தி பல் மருத்துவ அறிவியல் நிறுவனம்: கடலூர் சாலையில் பிள்ளையார்குப்பத்தில் உள்ளது. ஸ்ரீ பாலாஜி வித்யாபீடம் என்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது.

ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல் மருத்துவக் கல்லூரி: விழுப்புரம் சாலையில் அரியூரில் உள்ள தனியார் கல்லூரி.

மாகே பல் மருத்துவ அறிவியல் நிறுவனம்: கேரளத்தால் சூழப்பட்ட மாகே பகுதியில், சாலக்கரையில் உள்ளது. நிர்வாக முறையில் புதுச்சேரியைச் சேர்ந்தது என்றாலும் அங்கு சிகிச்சைக்கு வருவோரின் மொழி மலையாளம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

காரைக்காலிலும் ஏனாமிலும் பல் மருத்துவக் கல்லூரி இல்லை. தமிழ்நாட்டில் புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரசுக் கல்லூரி சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ளது. 1980-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் தொடங்கிய அக்கல்லூரி இப்போது தமிழ்நாடு அரசின் வசம் உள்ளது.

சேர்க்கை முறை

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றோடு ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும். மூன்று அறிவியல் பாடங்களிலும் சேர்த்துப் பொதுப்பிரிவினர் 50 விழுக்காடும், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பிற பிற்படுத்தப்பட்டோர் 40 விழுக்காடும் பெற வேண்டும். சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைய வேண்டும். அதன் மேல் நீட் தேர்வில் தகுதி பெறுவது கட்டாயம். இத்தேர்வைத் தமிழிலும் எழுதலாம்.

கலந்தாய்வு இரண்டு வழிகளில் நடக்கிறது. புதுச்சேரி மாநில ஒதுக்கீட்டு இடங்களை 'சென்டாக்' எனப்படும் சேர்க்கைக் குழு நிரப்புகிறது. அரசுக் கல்லூரியின் 15 விழுக்காட்டு அகில இந்திய இடங்களையும் நிகர்நிலைப் பல்கலைக்கழக இடங்களையும் மத்திய அரசின் மருத்துவக் கலந்தாய்வுக் குழு நிரப்புகிறது. ஒன்றில் விண்ணப்பித்தால் மற்றொன்றிலும் விண்ணப்பித்ததாக ஆகிவிடாது. இரண்டுக்கும் தனித்தனியே பதிவு செய்ய வேண்டும்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்புகளில் 10 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2023 முதல் புதுச்சேரியில் நடைமுறையில் உள்ளது. பல் மருத்துவமும் இதில் அடங்கும். தமிழ்நாட்டில் 2020-இல் கொண்டுவரப்பட்ட 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டைப் போன்றது இது. அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று, குடியிருப்புச் சான்று, சாதிச் சான்று ஆகியவற்றை நீட் முடிவு வருவதற்கு முன்பே வாங்கி வைப்பது நல்லது. முடிவு வந்தபின் வருவாய்த்துறை அலுவலகங்களில் கூட்டம் சேரும். விண்ணப்பிக்கத் தரப்படும் நாட்களோ குறைவு.

எம்.பி.பி.எஸ். கிடைக்காதவர்கள் இரண்டாம் தேர்வாகப் பல் மருத்துவத்தை எடுப்பது பரவலான வழக்கம். அதில் தவறில்லை. ஆனால் சேர்ந்துவிட்டு அடுத்த ஆண்டு மீண்டும் நீட் எழுதலாம் என்ற எண்ணத்தோடு சேர்வது இழப்பில் முடியலாம். இடையில் விலகுவோர் கட்டணத்தை இழப்பதுடன் சேர்க்கை விதிகளின்படி கூடுதல் தொகையும் செலுத்த நேரிடும். சேரும் முன் ஒரு பல் மருத்துவரிடம் அனுமதி பெற்று ஓரிரு நாள் அவர் வேலையைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது பயன் தரும்.

ஐந்தாண்டுப் படிப்பு

பி.டி.எஸ். நான்கு ஆண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சி மருத்துவமும் கொண்டது.

முதலாம் ஆண்டில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், பல் அமைப்பியல் ஆகியவை கற்பிக்கப்படுகின்றன. மெழுகுக் கட்டியைச் செதுக்கி ஒவ்வொரு பல்லின் வடிவத்தையும் உருவாக்கும் பயிற்சி இவ்வாண்டில்தான் வருகிறது. ஞானப்பற்களையும் சேர்த்து 32 பற்கள் உண்டு. மேல் கடைவாய்ப்பல்லும் கீழ்க் கடைவாய்ப்பல்லும் வடிவத்தில் வேறுபடும். மாணவரின் கண்ணும் கையும் இத்தொழிலுக்கு ஒத்துவருமா என்பது முதலில் தெரியவருவது இந்தப் பயிற்சியில்தான்.

இரண்டாம் ஆண்டில் நோய்க்குறியியல், நுண்ணுயிரியல், மருந்தியல், பல் மருத்துவப் பொருட்கள் ஆகியவை பாடங்கள். பொம்மைத் தலையில் பொருத்திய பற்களில் துளையிடவும் அடைக்கவும் பழகுவார்கள். மேல் தாடையின் பின்பற்களை நேராகப் பார்க்க இயலாது. சிறு கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தபடி கையை எதிர்த்திசையில் இயக்க வேண்டும். இது புத்தகத்தால் வருவதன்று. மாதக்கணக்கில் பழகியே வர வேண்டும்.

மூன்றாம் ஆண்டில் பொது மருத்துவம், பொது அறுவை மருத்துவம், வாய் நோய்க்குறியியல் ஆகியவை உண்டு. சர்க்கரை நோயாளிக்குப் பல் பிடுங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உட்கொள்பவரை எப்படிக் கையாள்வது, இதய நோயாளிக்கு மரத்துப்போகும் ஊசியை எந்த அளவில் போடலாம் என்பனவற்றை விளங்கிக்கொள்ள இப்பாடங்கள் தேவை.

நான்காம் ஆண்டில் வேர்ச்சிகிச்சை, ஈறு நோய், பல்செட், பல் சீரமைப்பு, குழந்தைகள் பல் மருத்துவம், வாய் அறுவை மருத்துவம், வாய் நோயறிதலும் கதிர்ப்படமும், சமூகப் பல் மருத்துவம் ஆகிய துறைகள் வருகின்றன. ஐந்தாம் ஆண்டில் இத்துறைகள் அனைத்திலும் சுழற்சி முறையில் பயிற்சி மருத்துவராகப் பணியாற்ற வேண்டும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுத்தல்

பெற்றோர் பெரும்பாலும் கட்டணத்தையும் கட்டடத்தையும் பார்க்கிறார்கள். அவற்றைவிட முக்கியமானது அந்தக் கல்லூரி மருத்துவமனைக்கு நாள்தோறும் எத்தனை நோயாளிகள் வருகிறார்கள் என்பது. இறுதித் தேர்வுக்கு முன் ஒவ்வொரு மாணவரும் இத்தனை பல் பிடுங்கியிருக்க வேண்டும், இத்தனை அடைப்புச் செய்திருக்க வேண்டும், இத்தனை பல்செட் கட்டியிருக்க வேண்டும் என்று துறைதோறும் கணக்கு உண்டு. நோயாளிகள் குறைவாக வரும் கல்லூரிகளில் மாணவர்களே உறவினரையும் தெரிந்தவர்களையும் அழைத்து வந்து அந்தக் கணக்கை முடிக்கிறார்கள். அப்படிப் படித்தவர் பட்டம் பெறலாம். ஆனால் தனியாக ஒரு ஞானப்பல்லை எடுக்கத் தயங்குவார்.

ஆகவே கலந்தாய்வில் கல்லூரியைக் குறிப்பதற்கு முன் ஒரு வேலை நாளில் காலை 10 மணிக்கு அங்கே போய் வெளிநோயாளிகள் பிரிவைப் பார்க்க வேண்டும். இறுதியாண்டு மாணவர்களிடமும் பயிற்சி மருத்துவர்களிடமும் பின்வருவனவற்றைக் கேட்கலாம்:

– இதுவரை நீங்களே தனியாக எத்தனை பல் பிடுங்கினீர்கள்?
– கடைவாய்ப்பல் வேர்ச்சிகிச்சை செய்ய வாய்ப்புக் கிடைத்ததா, அல்லது அது மேற்படிப்பு மாணவருக்கே போகிறதா?
– கருவிகளையும் பொருட்களையும் சொந்தப் பணத்தில் வாங்க வேண்டுமா? ஆண்டுக்கு எவ்வளவு செலவாகிறது?
– பயிற்சி ஆண்டில் உதவித்தொகை உண்டா? அது மாதந்தோறும் கைக்கு வருகிறதா?

கிடைக்கும் விடைகளைக் கொண்டு ஐந்தாண்டு மொத்தச் செலவையும் கூட்டிப் பார்க்க வேண்டும். கல்விக்கட்டணம், விடுதி, கருவிகள், தேர்வுக்கட்டணம் எல்லாம் சேர்ந்ததே உண்மையான செலவு. புதிதாகப் பட்டம் பெற்றவருக்குத் தனியார் சிகிச்சையகங்கள் தரும் தொடக்கச் சம்பளம் குறைவு. பெரிய கடன் வாங்கி நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர் அந்தச் சம்பளத்தில் மாதத் தவணை கட்டத் திணறுவார். வீட்டை அடமானம் வைத்துப் படிக்க வைக்கும் குடும்பங்கள் இந்தக் கணக்கைச் சேர்க்கைக்கு முன்பே போட்டாக வேண்டும்.

பதிவும் சட்டமும்

பட்டம் பெற்றவுடன் மாநிலப் பல் மருத்துவக் குழுவில் பதிவு செய்ய வேண்டும். பதிவில்லாமல் சிகிச்சை அளிப்பது குற்றம். 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டத்தின் கீழ் இந்தியப் பல் மருத்துவக் குழு அமைந்தது. இதற்கு மாற்றாக 2023-இல் நாடாளுமன்றம் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை இயற்றியது. இறுதியாண்டு முடிப்போருக்கு நாடு முழுவதற்கும் பொதுவான வெளியேறும் தேர்வு ஒன்றையும் அச்சட்டம் வகுத்துள்ளது. எனவே இனிச் சேரும் மாணவர்கள் இத்தேர்வையும் மனத்தில் கொண்டு படிக்க வேண்டும்.

மேற்படிப்பு

எம்.டி.எஸ். எனப்படும் முதுநிலைப் படிப்பு மூன்று ஆண்டுகள் கொண்டது. இதற்குத் தனி நீட் தேர்வு உண்டு. ஒன்பது சிறப்புப் பிரிவுகள் உள்ளன. நாட்டில் பி.டி.எஸ். இடங்களோடு ஒப்பிட்டால் எம்.டி.எஸ். இடங்கள் மிகக் குறைவு. வேர்ச்சிகிச்சை, பல் சீரமைப்பு, வாய் அறுவை மருத்துவம் ஆகியவற்றுக்குப் போட்டி மிகுதி.

எம்.டி.எஸ். முடித்தவர்கள் பலர் முதலில் சொந்தச் சிகிச்சையகம் வைப்பதில்லை. வாரத்தில் ஒரு நாள் வில்லியனூர், ஒரு நாள் கடலூர், ஒரு நாள் திண்டிவனம் என்று பல சிகிச்சையகங்களுக்குச் சென்று தம் துறை சார்ந்த சிகிச்சையை மட்டும் செய்து தருகிறார்கள். இவர்களைக் 'கன்சல்டன்ட்' என்பர். முதலீடில்லாமல் அனுபவம் பெற இது ஏற்ற வழி. பி.டி.எஸ். மட்டும் முடித்தவரும் நல்ல பொதுப் பல் மருத்துவராக இயங்கலாம். அடைப்பு, வேர்ச்சிகிச்சை, பல் பிடுங்குதல், பல்செட், பல் சுத்தம் செய்தல் ஆகியவையே பெரும்பாலான நோயாளிகளின் தேவை.

தொழில் வாய்ப்புகள்

அரசுப் பணி: அரசு மருத்துவமனைகளிலும் சமுதாய நலவழி மையங்களிலும் பல் மருத்துவர் பணியிடங்கள் உண்டு. எண்ணிக்கை குறைவு, அறிவிப்பும் எப்போதாவதுதான் வரும். அரசுப் பணி கிடைக்கும் வரை வேறு வேலை செய்யாமல் காத்திருப்பது கைத்திறனை மழுங்கச் செய்யும்.

உதவி மருத்துவர்: அனுபவமுள்ள ஒருவரிடம் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் பணியாற்றுவது பெரும்பாலோர் செல்லும் வழி. சம்பளத்தைவிட, எந்தச் சிகிச்சையை நம்மிடம் விடுவார்கள் என்பதைக் கேட்டுச் சேர வேண்டும்.

கற்பித்தல்: கல்லூரி ஆசிரியராக எம்.டி.எஸ். தேவை. மாலை நேரங்களில் சிகிச்சையகம் நடத்துவோரும் உளர்.

வெளிநாடு: பிரிட்டனில் இரண்டு பகுதிகள் கொண்ட பதிவுத் தேர்வு உண்டு. ஆஸ்திரேலியாவில் எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் உண்டு. அமெரிக்காவில் தேசியத் தேர்வுடன் அங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் படிக்க வேண்டும். வளைகுடா நாடுகள் உரிமத் தேர்வு வைக்கின்றன.

பிரான்ஸ்: புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் பல இருப்பதால் இது தனியாகச் சொல்லத்தக்கது. குடியுரிமை இருந்தாலும் இந்தியப் பட்டத்தை மட்டும் கொண்டு பிரான்சில் தொழில் செய்ய முடியாது. அங்கு தனி அனுமதி நடைமுறை உண்டு. பிரெஞ்சு மொழியறிவும் தேவை. 1826-இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு லிசேயில் படித்து, பிரான்சிலேயே பல் மருத்துவம் பயில்வது வேறொரு வழி. எந்த நாட்டில் தொழில் செய்ய விருப்பம் என்பதைப் பள்ளிப் பருவத்திலேயே முடிவு செய்தால் பல ஆண்டுகள் மிச்சமாகும்.

சொந்தச் சிகிச்சையகம்

சிகிச்சை நாற்காலி, காற்றழுத்தி, உறிஞ்சி, கருவிகளைக் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவ், எக்ஸ்ரே கருவி, அடைப்பை இறுக வைக்கும் ஒளிக்கருவி ஆகியவை அடிப்படைத் தேவைகள். கடற்கரைக்கு அருகில் உப்புக்காற்றால் இரும்புப் பாகங்கள் விரைவில் துருப்பிடிக்கும். காற்றழுத்தியை வெளியே வைப்போர் அதற்கேற்ற மூடியும் பராமரிப்பும் செய்ய வேண்டும்.

எக்ஸ்ரே கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் பதிவு வேண்டும். 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி இரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சள் பைக்கும், கையுறை, உறிஞ்சிக் குழாய் போன்றவை சிவப்புப் பைக்கும், ஊசிகள் துளைக்க முடியாத வெள்ளைக் கலத்துக்கும் போக வேண்டும். 2010-ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் சட்டம் தில்லி தவிர்த்த ஒன்றியப் பகுதிகளுக்குப் பொருந்துவதால் புதுச்சேரிக்கும் பொருந்தும். தமிழ்நாட்டுக்குத் தனியாக 1997-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது. ஆகவே எல்லையைத் தாண்டிக் கோட்டக்குப்பத்தில் தொடங்குபவருக்கு விதிகள் வேறு.

எங்கே தொடங்குவது என்பதில்தான் பலரும் இடறுகிறார்கள். காமராஜர் சாலை, நேரு வீதி, லாஸ்பேட்டை, ரெட்டியார்பாளையம் போன்ற இடங்களில் பல் சிகிச்சையகங்கள் அடுத்தடுத்து உள்ளன, வாடகையும் மிகுதி. பாகூர், திருக்கனூர், நெட்டப்பாக்கம், எல்லைக்கு அப்பால் மரக்காணம், வானூர், வளவனூர் பக்கத்துக் கிராம மக்கள் பல்வலி என்றால் பேருந்து ஏறி நகருக்கு வருகிறார்கள். ஒரு வேர்ச்சிகிச்சைக்கு இரண்டு மூன்று முறை வர வேண்டியிருப்பதால் அன்றாடக் கூலி இழக்கும் பலர், காப்பாற்றக்கூடிய பல்லையும் பிடுங்கிவிடச் சொல்கிறார்கள். அவர்களுக்கு அருகில் சிகிச்சையகம் வைப்பவர் தொடக்கத்தில் குறைந்த கட்டணமே பெறுவார். ஆனால் ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு நன்றாகச் செய்தால் அந்தத் தெருவே வரும்.

வாய்ப்புற்றுநோயும் பல் மருத்துவரும்

பல் மருத்துவம் உயிர் காக்கும் தொழிலன்று என்ற எண்ணம் பரவலாக உள்ளது. வாய்ப்புற்றுநோய் இந்திய ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய்களுள் ஒன்று. புகையிலை, பாக்கு, மது ஆகியவை முக்கியக் காரணங்கள். புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. பாக்கு, குட்கா போடுவோருக்குக் கன்னத்தின் உட்புறம் வெளுத்து இறுகி, வாய் திறக்கும் அளவு சுருங்கும். தம் விரல்கள் மூன்றை நெடுக்கில் அடுக்கி வாய்க்குள் விட முடியாதவர் உடனே காட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு ஆகியவையும் அவ்வாறே.

இப்படிப்பட்டவர் முதலில் வருவது பெரும்பாலும் புற்றுநோய் மருத்துவரிடம் அல்ல. 'காரம் சாப்பிட்டால் எரிகிறது', 'பல் ஆடுகிறது' என்று சொல்லிக்கொண்டு பல் மருத்துவரிடம் வருகிறார். அவர் ஆடும் பல்லை மட்டும் பிடுங்கி அனுப்பினால் நோய் முற்றிவிடும். நாக்கை இழுத்து அதன் ஓரத்தையும் அடிப்புறத்தையும் பார்த்து, சதைத் துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினால் தொடக்க நிலையிலேயே பிடிபடும். இந்தப் பரிசோதனைக்கு இரண்டு நிமிடங்கள் போதும். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை.

யாருக்கு ஏற்ற தொழில்

நுண்ணிய கைவேலையில் விருப்பமும், மணிக்கணக்காகக் குனிந்து உட்கார உடல்நலமும், வலியோடும் அச்சத்தோடும் வருபவரிடம் பொறுமையாகப் பேசும் இயல்பும் உள்ளவருக்கு இது ஏற்றது. இடக்கைப் பழக்கம் தடையல்ல. நாற்காலியையும் கருவித் தட்டையும் இடம் மாற்றி அமைத்துக்கொள்ளலாம். கழுத்துவலியும் முதுகுவலியும் இத்தொழிலோடு வருபவை. முதலாம் ஆண்டிலிருந்தே உட்காரும் முறையைச் சரியாகப் பழக வேண்டும்.

பட்டம் பெற்றதும் வருமானம் பெருகும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏமாற்றம் தரலாம். கை பழகவும் மக்களின் நம்பிக்கை சேரவும் பட்டத்துக்குப் பின்னும் சில ஆண்டுகள் ஆகும். அதை முன்பே அறிந்து, தாங்கக்கூடிய செலவில் படித்து, நோயாளிகள் மிகுதியாக வரும் கல்லூரியில் கையைப் பழக்கிக்கொண்டு, தேவை உள்ள ஊரைத் தேடிச் செல்பவருக்குப் பல் மருத்துவம் மதிப்பும் நிறைவும் தரும் தொழிலாக அமைகிறது.